தராசைக் காட்டிப் பேரை வெட்டாதே!



"நாங்க யாரையும் நிப்பாட்டல. அவங்களாத்தான் வர்றதில்ல."

ஒரு தோட்டத்துக் காரியாலயத்தில் நம் சங்கப் பிரதிநிதிகளுக்கு நிர்வாகம் சொன்ன பதில் இது. நாம் பேசப் போனது ஓர் அக்காவின் விடயமாக. இருபத்திரண்டு வருடம் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஒரு மழை நாளில், நிறைந்த கூடையோடு மலையிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டை அவிழ்த்த பிறகும் கை பழையபடி மடங்கவில்லை. கொழுந்து கிள்ள முடிகிறது, ஆனால் முன்பிருந்த வேகம் இல்லை. பாரம் தூக்கினால் தோள்வரை வலிக்கிறது.

"பாரமான வேலை கொடுக்க வேண்டாம்" என்று அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டை அக்கா பிரட்டில் காட்டினார். "லேசான வேலையெல்லாம் இங்க இல்லம்மா, மலைக்குப் போங்க" என்றார்கள். போனார். மற்றவர்களுக்கு என்ன கிலோவோ அதே கிலோ அவருக்கும். நிறுவைக்கு வரும்போது மற்றவர் கூடையில் இருப்பதில் பாதிதான் அவர் கூடையில் இருக்கும். அன்றைக்கு அரைப்பேர். மறுநாளும் அரைப்பேர். மூன்று மாதம் இப்படியே அரைப்பேராகப் போனது. சம்பள நாளில் கழிப்பனவுகள் போகக் கையில் வந்ததைப் பார்த்துவிட்டு, நாலாவது மாதம் அவர் பிரட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே 'வேலையைக் கைவிட்டவர்' என்று எழுதியாகிவிட்டது.

யார் எதைக் கைவிட்டது?

நிர்வாகம் அவருக்கு ஒரு கடிதமும் கொடுக்கவில்லை, விசாரணையும் வைக்கவில்லை. கம்பனி கையில் ஒரு துளி மையும் ஒட்டாமல், தராசு மட்டும் தன் வேலையைச் செய்தது. உடம்பில் ஒரு குறை வந்துவிட்ட தொழிலாளியை வெளியேற்ற இன்று தோட்டங்களில் நடக்கும் வழி இதுதான். வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். போகாமல் இருக்க முடியாதபடி செய்வார்கள். பிறகு, அவராகவே போனார் என்று பதிவார்கள்.

இது ஒரு தோட்டத்தின் கதையாக இருந்தால் இந்தப் பக்கங்களில் இவ்வளவு இடம் எடுத்திருக்க மாட்டோம். வாசிக்கும் ஒவ்வொருவரும் தங்கள் லயத்தில் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். கவ்வாத்துக் கத்தி பட்டு விரல் போனவர், ஸ்டோரில் ரோலரில் கை மாட்டியவர், குளவி கொட்டில் பிழைத்து வந்தும் பழைய பலம் திரும்பாதவர், மருந்தடித்து மருந்தடித்துக் கண் மங்கியவர், தலையில் கயிறு போட்டுக் கூடை சுமந்தே கழுத்தும் முதுகும் போனவர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு இயலாமையுடன் வாழ்கிறார்கள். பிறவியிலேயே அப்படிப் பிறந்தவர்களும் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் நம் லயங்களில் உள்ள பலருக்கு அந்தக் குறையைக் கொடுத்தது மலையும் ஸ்டோரும்தான். வேலை கையை எடுத்துக்கொண்டது, பிறகு கை இல்லை என்று வேலையையும் எடுத்துக்கொண்டது.

வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை என்பது நமக்குத் தெரியும். பேர் வெட்டுப்பட்ட வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் பேர் பதியாவிட்டால் லயக் காம்பிராவைப் பற்றிய பேச்சு தொடங்கும். "உங்க வீட்ல யாரு வேலைக்கு வர்றது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி மலைக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. ஒரு தாயின் மணிக்கட்டு முறிந்ததற்கு மகளின் படிப்பு அபராதமாகக் கட்டப்படுகிறது.

இனி நிர்வாகத்தின் நியாயத்தைப் பார்ப்போம். அவர்கள் சொல்வது முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. "இது நிறை பார்த்துக் கூலி கொடுக்கும் தொழில். பத்துக் கிலோ பறிப்பவருக்கும் இருபது கிலோ பறிப்பவருக்கும் ஒரே பேர் போட்டால் மற்றத் தொழிலாளிகளே கேள்வி கேட்பார்கள். சட்டத்திலும் அப்படி எதுவும் இல்லை" என்கிறார்கள். இதில் இரண்டு வாதம் உண்டு. ஒன்று கணக்கு, மற்றது சட்டம்.

முதலில் கணக்கு. தோட்டத்தில் கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லையா? தவறணை என்று நாம் சொல்லும் நாற்றுமேடையில் உட்கார்ந்து பைகளில் மண் நிரப்புகிறார்கள். ஸ்டோரில் தேயிலையிலிருந்து காம்பு பொறுக்குகிறார்கள். பிள்ளைக் காம்பிராவில் உதவி வேண்டும். நிறுவை மடுவத்தில் துண்டு எழுத ஆள் வேண்டும். காரியாலயமும் பங்களாவும் கூட்டுகிறார்கள், வாசலில் காவல் இருக்கிறார்கள். 'லேசான வேலை இல்லை' என்பது பொய். இருக்கிறது. அது யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. யாருக்கு வேண்டப்பட்டவரோ, யார் வீட்டில் இருந்து மரக்கறி போகிறதோ, யார் சங்கக் கூட்டத்துக்கு வராமல் இருக்கிறாரோ, அவருக்குப் போகிறது. (சில இடங்களில் நம் தலைவர்மாரின் உறவினர்களுக்கும் போயிருக்கிறது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.) தோட்டத்து லேசான வேலை இன்று தயவாக வழங்கப்படுகிறது. அதை டாக்டரின் துண்டு உள்ளவருக்கு முதல் உரிமையாக ஆக்கினால் கம்பனிக்கு ஒரு சதம் கூடச் செலவு கூடாது. அதே வேலை, அதே கூலி, ஆள்தான் வேறு.

மலையில் தொடர்ந்து பறிக்கக் கூடியவருக்கு ரோட்டோரத்து மட்டமான மலையைக் கொடுக்கலாம். கொழுந்தை நிறுவைக்கு மற்றவர் தூக்கிக்கொண்டு போகலாம். கிலோவைக் குறைக்கலாம். இப்போது ஒரு தோட்டத்தில் 16, ஒரு தோட்டத்தில் 18, இன்னொன்றில் 20 என்று கிலோ வைத்திருக்கிறார்களே, அது வானத்திலிருந்து எழுதி வந்ததா? மழைக்கும் வெயிலுக்கும் பங்குனிக்கும் ஐப்பசிக்கும் கம்பனி தன் வசதிக்குக் கிலோவை ஏற்றி இறக்குகிறது. காலத்துக்கு இறங்கும் கிலோ காயத்துக்கு ஏன் இறங்காது?

அடுத்தது சட்டம். இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் 'சட்டத்தில் இல்லை' என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, பாதி நம்மை ஏமாற்றுவது.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறோம். இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்று இந்த நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் 23 ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டி எந்த வேலைக்கும் ஆட்சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அரசாங்கம், கம்பனி என்று அது பிரித்துப் பேசவில்லை. நல்ல சரத்துத்தான். காது கேளாத ஒரு தம்பியைப் பேர் பதிய மறுத்தால் அந்தப் பிரிவைக் காட்டலாம். ஆனால் 'ஆட்சேர்ப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாசலில் நுழையும்போது பாரபட்சம் கூடாது என்கிறார்கள். உள்ளே இருபத்திரண்டு வருடம் வேலை செய்த பிறகு கை உடைந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரை வைத்திருக்க வேண்டும் என்றோ, வேலையை அவருக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றோ இல்லை.

இன்னொரு வேடிக்கை அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் இருக்கிறது. உடல் அல்லது மனக் குறைபாட்டால், தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவரே இயலாமையுடைய ஆள் என்கிறது சட்டம். அதாவது ஒரு கையோடு உழைத்துத் தன் குடும்பத்துக்குச் சோறு போடுபவர், 'நீதான் உழைத்துச் சாப்பிடுகிறாயே' என்று அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்படலாம். வேலைக்காகப் பாதுகாப்புக் கேட்டு வருபவர், முதலில் தன்னால் பிழைக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும்! 'ஒரு பகுதியாகவோ' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாம் வாதாடலாம், வாதாட வேண்டும். அரைப்பேரில் யாருடைய வாழ்க்கைத் தேவை நிறைவேறும்? ஆனாலும் அப்படி ஒரு நூலில் தொங்கவிடும் சட்டம் போதுமான சட்டம் அல்ல.

அந்தச் சட்டத்தின்படி நிவாரணம் கேட்க வேண்டிய இடம் மாகாண மேல் நீதிமன்றம். பெட்டிசன், சட்டத்தரணி, தவணை, பஸ் காசு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாளின் சம்பளம் போய்விடும் நமக்கு, இது மலை உச்சியில் வைத்த தண்ணீர்ப்பானை போல.

அரசியலமைப்பு காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். சமத்துவத்தைப் பற்றிப் பேசும் 12 ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் என்று பாரபட்சத்துக்கான காரணங்களை வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் இயலாமை இல்லை. இயலாமையுடையவர்களின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்யத் தடையில்லை என்று மட்டும் அதே உறுப்புரையின் நாலாவது பந்தியில் இருக்கிறது. அத்துடன் அடிப்படை உரிமை வழக்கு, நிறைவேற்று அல்லது நிர்வாகத்துறைச் செயலுக்கு எதிராகத்தான். தோட்டங்கள் 1992 இல் கம்பனிகள் கைக்கு மாறியபோது அந்தக் கதவும் நம்மில் பெரும்பாலானோருக்குச் சாத்தப்பட்டது. அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை இயலாமையுடையவர்களுக்கு ஒதுக்கச் சொல்லும் 27/88 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1988 இலேயே வந்தது. அது அரச திணைக்களங்களுக்கும் கூட்டுத்தாபனங்களுக்கும் உரியது. இன்றும் அரசின் கையில் இருக்கும் தோட்டங்களில் வேலை செய்யும் தோழர்கள், தங்கள் நிர்வாகத்திடம் இந்தச் சுற்றறிக்கையைப் பற்றி ஒரு தடவை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். கம்பனித் தோட்டங்களை அது தொடாது.

2016 இல் இலங்கை, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 27 ஆம் உறுப்புரை நம் அக்காவுக்காகவே எழுதியது போல் இருக்கிறது. வேலை செய்யும் காலத்தில் இயலாமைக்கு ஆளானவர்களின் வேலை உரிமையையும் காக்க வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. வேலையையும் வேலைத்தலத்தையும் ஆளுக்கு ஏற்ப நியாயமாகச் சரிசெய்து கொடுக்க மறுப்பதே பாரபட்சம் என்கிறது அந்தச் சமவாயம். ஆனால் இந்த நாட்டில் வெளிநாட்டில் போட்ட கையெழுத்து பாராளுமன்றத்தில் சட்டமாக வராமல் நீதிமன்றத்தில் நிற்காது. கையெழுத்துப் போட அமைச்சர்கள் விமானம் ஏறினார்கள். சட்டத்தைத் திருத்துவதற்கு மட்டும் பல வருடமாகக் குழு, வரைவு, கலந்துரையாடல், மீண்டும் குழு. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தில், சேவைக்காலத்தில் இயலாமைக்கு ஆளான ஊழியரை நீக்கக்கூடாது, அந்த வேலைக்குப் பொருத்தமில்லாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று 20 ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். அங்கும் அது அரச நிறுவனங்களுக்கு மட்டுமே என்பது குறை. ஆனால் எழுத முடியாத வாக்கியம் அல்ல அது என்பதாவது தெரிகிறதே!

இனி அவர்கள் மறைக்கும் மற்றப் பாதி.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க, தொழிலாளர்களை வேலைநீக்கம் செய்தல் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தைப் பற்றிக் காரியாலயத்தில் யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக ஒரு தொழிலாளியை நிறுத்துவதானால், ஒன்றில் தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். கை மடங்கவில்லை என்பது ஒழுக்கக் குற்றமா? இல்லை. அப்படியானால் ஆணையாளரின் அனுமதி எங்கே? அதைவிட முக்கியம், வேலை கொடுக்காமல் இருப்பதும், அது தற்காலிகமாக இருந்தாலும், வேலைநீக்கமாகவே கருதப்படும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. "நாங்க நிப்பாட்டல" என்ற சாட்டு அங்கே அவ்வளவு இலகுவாக எடுபடாது. சட்டத்துக்கு மாறான நீக்கம் செல்லுபடியற்றது. திரும்ப வேலைக்கு எடுக்கவும், இடைப்பட்ட காலச் சம்பளத்தைக் கொடுக்கவும் உத்தரவிட ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு.

நிர்வாகம் இதை நன்றாக அறிந்திருக்கிறது. அதனால்தான் ஸ்டோரில் கை மாட்டியவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த இரண்டாம் வாரம், "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, காசு சீக்கிரம் எடுத்துத் தர்றோம்" என்று ஒரு கடதாசி வருகிறது. எந்தக் காசு, என்ன கடதாசி என்று யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. பெரும்பாலும் அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அந்தக் கைநாட்டுத்தான் அவர்கள் தேடும் 'எழுத்து மூலமான சம்மதம்'. நாம் தலைமுறையாகக் கைநாட்டு வைத்தே நாட்டை இழந்தவர்கள். 1948 இல் நம் பாட்டன்மாரிடமிருந்து பிரஜாவுரிமையைப் பறித்ததும் கடதாசியில்தான். வாசித்துக் காட்டாத எந்தக் கடதாசியிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். காசு தேவைதான், பசி பெரியதுதான். ஆனாலும் ஒரு நாள் பொறுத்துத் தோட்டக் கமிட்டியிடம் காட்டுங்கள்.

காயத்துக்கான நட்டஈடு வேறு, வேலை வேறு என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறோம். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். "கவனமா இருந்திருக்கலாமே" என்பது அதை மறுக்கும் காரணம் அல்ல. வழுக்கும் மலையில் கூடையோடு இறங்கியவரிடம் கவனத்தைப் பற்றிப் பேச யாருக்கும் யோக்கியதையும் இல்லை. 2022 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு நட்டஈட்டின் உச்சத்தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையில் போய் வரும்போது நேரும் விபத்தும் சேர்க்கப்பட்டது. லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்குப் போகும் படிக்கட்டில் விழுந்தவர்கள் இதை நினைவில் வையுங்கள். நட்டஈடு வாங்கினால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கைக்கு விலை கொடுத்துவிட்டதால் ஆளையே வாங்கிவிட்டதாக நிர்வாகம் நினைக்கிறது. வேலையை விட்டுத்தான் ஆகவேண்டும் என்று தொழிலாளியே தீர்மானித்தால் அது அவர் உரிமை. அப்போதும் ஐந்து வருடம் பூர்த்தியான சேவைக்கு 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை வரவேண்டும். சேமலாப நிதி தனி, நம்பிக்கை நிதி தனி. 'வேலையைக் கைவிட்டவர்' என்று எழுதிவைத்துவிட்டு, அதைச் சாட்டாகக் காட்டிப் பணிக்கொடையை இழுத்தடிப்பதும் நடக்கிறது.

வேலை போனதாகத் தெரிந்தால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே தொழிலாளியின் சார்பில் சங்கமே போகலாம். இந்த ஆறு மாதத்தைத்தான் நம்மில் பலர் இழக்கிறோம். ஏனென்றால், நிறுத்தியதாக யாரும் சொல்லவில்லை. 'கை கொஞ்சம் சுகமானதும் போகலாம்' என்று வீட்டில் இருக்கிறோம். அந்தப் பக்கம் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு சட்டத்தையும் எழுதும்போது நமக்கே ஒரு கேள்வி உறுத்துகிறது. அந்த அக்கா மூன்று மாதம் அரைப்பேர் வாங்கியபோது சங்கம் எங்கே இருந்தது? சந்தா மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருந்தது. அதே மலையில், அதே நிரையில் நம் அங்கத்தவர்கள் பத்துப் பேர் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கமிட்டிக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விடயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. 'பாவம், கை போயிட்டது, என்ன செய்றது' என்று பரிதாபப்பட்டோம். கிலோவை ஒரு கிலோ கூட்டினால் பிரட்டில் கொதித்து எழுகிறோமே, ஒரு ஆளுக்கு முழுப் பேரும் போனபோது நம் வாயில் பாவம் என்ற சொல்தான் வந்தது. நம் பேச்சைப் பாருங்கள்: நொண்டி, செவிடன், ஒத்தக்கண்ணன் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். சொந்தப் பெயர் செக்ரோலில் வெட்டப்படும் முன்பே லயத்தில் வெட்டுப்பட்டுவிடுகிறது. நம் மாவட்டக் காரியாலயம் மேல்மாடியில் இருக்கிறது. காலில்லாத ஓர் அங்கத்தவர் முறைப்பாடு கொடுக்க வந்து, கீழே கடை வாசலில் காத்திருந்து, கடைக்காரப் பையனிடம் சொல்லி அனுப்பினார் என்பதை வெட்கத்தோடு பதிகிறோம். கீழ்த்தளத்தில் ஒரு மேசை போடக் கடைக்காரரிடம் பேசியிருக்கிறோம்.

2021 இல் சம்பளச் சபை மூலம் 1000 ரூபா வந்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. அதன் பிறகு சம்பளத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். பேச வேண்டும். ஆனால் கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்திலும் காயப்பட்டவரின் கிலோவைப் பற்றி நாம் போதுமான அளவு பேசினோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. இனி எந்தப் பேச்சுவார்த்தைக்குப் போனாலும், தோட்ட மட்டத்திலோ கொழும்பிலோ, டாக்டர் சான்றிதழ் உள்ளவருக்கு லேசான வேலையில் முதலிடம், மலையில் பறிப்பவருக்கு மருத்துவச் சான்றுப்படி கிலோ குறைப்பு, அந்தக் குறைத்த கிலோவுக்கு முழுப் பேர் என்ற கோரிக்கை நம் கடதாசியில் இருக்கும். சம்பளத்துக்குப் பதிலாக அதை வெட்டிவிடும்படி கேட்பார்கள். வெட்ட மாட்டோம்.

அரசாங்கத்திடம் கேட்பதும் சுருக்கமானதுதான். 1996 சட்டத்தில் 'ஆட்சேர்ப்பு' என்று இருக்கும் இடத்தில் வேலை நிபந்தனை, பதவி உயர்வு, வேலையில் தொடர்தல் எல்லாவற்றையும் எழுது. உழைத்துப் பிழைப்பவரை வெளியே தள்ளும் அந்த வரைவிலக்கணத்தை மாற்று. வழக்கை மேல் நீதிமன்றத்தின் மலை உச்சியிலிருந்து இறக்கித் தொழில் நியாய சபைக்குக் கொண்டு வா. மாதாந்தக் கொடுப்பனவைக் காட்டி 'அதுதான் தருகிறோமே' என்று சொல்ல வேண்டாம். கொடுப்பனவு வேலை செய்ய முடியாதவருக்கு. நாம் கேட்பது வேலை செய்யக் கூடியவரின் வேலையை.

அக்காவின் விடயம் முடியவில்லை. அவர் கடைசியாகப் பிரட்டுக்குப் போன நாளிலிருந்து ஆறு மாதம் ஆக இன்னும் பதினொரு நாள் இருக்கும்போதுதான் அவர் தங்கை நம்மிடம் வந்தார். விண்ணப்பம் போட்டாயிற்று, தொழில் திணைக்களத்துக்கும் எழுதியாயிற்று. திணைக்களம் அழைத்த முதல் நாளில் நிர்வாகத்தின் சார்பில் வந்தவர், "அவர் விரும்பினால் நாளைக்கே வேலைக்கு வரலாம்" என்றார். என்ன வேலைக்கு என்று கேட்டோம். "கொழுந்துக்கு" என்றார். எத்தனை கிலோ என்று கேட்டோம். பதில் இல்லை. அடுத்த தவணைக்குச் செக்ரோலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, தங்கள் தோட்டத்தில் காயத்தாலோ நோயாலோ பிறவியாலோ இயலாமையுடன் வேலை செய்பவர்கள், வேலை மறுக்கப்பட்டவர்கள், கடந்த ஆறு மாதத்தில் பிரட்டுக்கு வராமல் நின்றவர்கள் ஆகியோரின் பட்டியலைக் கொண்டுவாருங்கள். கடைசியாக வேலை செய்த திகதியைக் கட்டாயம் எழுதுங்கள். சம்பளத் துண்டுகளையும் டாக்டரின் துண்டையும் போட்டோப் பிரதி எடுத்துக் கொண்டுவாருங்கள். மூலப் பிரதியை வீட்டில் பத்திரமாக வையுங்கள், காரியாலயத்தில் கேட்டாலும் கையில் கொடுத்துவிடாதீர்கள்.